பிரஷைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பையன்

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், நீளமான அந்தக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். இவர் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பகலில் பையனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரை வயதில் பிரஷை விளையாட்டாகக் கடித்துக்கொண்டு திரிந்த பையன், இப்போது அதைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, கணவர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, மூக்கைப் பொத்தி வாயைத் திறக்கவைத்துத் தேய்த்திருக்கிறார்கள். மேல் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கெஞ்சல், சாக்லேட், ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்ற மிரட்டல் எல்லாம் நடந்து, எதுவும் பலிக்கவில்லை.

‘பால்பல்லு தானே, விழுந்து முளைக்கப் போறதுக்கு எதுக்குப் புள்ளைய அழவைக்கிற’ என்கிறார் மாமியார். அவர் பங்குக்கு உப்பும் வேப்பிலைப் பொடியும் விரலில் தொட்டுத் தேய்த்துவிடுகிறார். ‘மூணு வயசாகட்டும், தானா பழகிடுவான்’ என்கிறார் கணவர். ராத்திரி நாட்டுச்சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் குடித்தபடியேதான் பையன் தூங்குகிறான். சமீபத்தில் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. ஒரு பல்லில் லேசான பழுப்பு. ‘எங்க ஊர்த் தண்ணிக்கு எல்லாருக்குமே பல்லு காவிதான். இவனுக்கும் அதுதான் ஆரம்பிச்சிடுச்சோ? அதனால ஃப்ளோரைடு பேஸ்ட் வாங்கவே பயமா இருக்கு’ என்று எழுதியிருக்கிறார். கடைசியாகக் கேட்டிருப்பது இரண்டு: மூன்று வயது வரை விட்டுவிடலாமா? இப்படிப் பிடித்துத் தேய்த்தால் பிள்ளையின் மனம் பாதிக்குமா?

பதில்:

சகோதரி, அந்த வெள்ளைக் கோட்டை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கோடு இருப்பதால் மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் முடிவு. அதே சமயம் பயப்பட வேண்டிய கட்டமும் வந்துவிடவில்லை. வெள்ளையாக இருக்கிற வரைக்கும் அது பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்துபோன இடம் அது. குழி விழவில்லை. சர்க்கரையைக் குறைத்து, ஃப்ளோரைடு படும்படி தேய்த்து வந்தால் அந்த இடம் மறுபடியும் இறுகும். பழுப்பாகத் தெரிகிற பல்லை மட்டும் ஒரு பல் மருத்துவர் நேரில் பார்க்கட்டும். இரும்புச்சத்து டானிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மேலே கருப்பாகக் கறை படிவது உண்டு, அது சொத்தை ஆகாது. எது எது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி, தண்ணீர் விஷயம். தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இந்தக் கோட்டுக்கு அது பொருந்தவில்லை. மேல் முன்பால்பற்களின் மேற்பூச்சு பெரும்பகுதி குழந்தை வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதனால் தண்ணீரால் வரும் காவி அந்தப் பற்களில் அவ்வளவாகத் தெரியாது. ஆறேழு வயதில் முளைக்கும் நிலைப்பற்களில்தான் அது வெளிப்படும். அப்படி வந்தாலும் பல் முழுக்கக் குறுக்கே திட்டுத் திட்டாக, இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் மகனுக்கோ ஈறின் வளைவை ஒட்டியே கோடு ஓடுகிறது. பால் தேங்கும் இடம் அது. சுத்தமான துணியால் துடைத்து உலர்த்திவிட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு தடவினாற்போல் பளபளப்பு இல்லாமல் இருந்தால் சொத்தையின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டிலை உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கே ஊறிக்கொண்டே இருக்கும். மேல்பற்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. மேலே கெட்டு, கீழே நன்றாக இருப்பது பாட்டிலின் கைவேலைக்கு அடையாளம்.

பால்பல்லுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

உங்கள் அத்தை கேட்பதில் பாதி உண்மை இருக்கிறது, விழத்தான் போகின்றன. ஆனால் எப்போது? முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் அவன் வாயில் இருந்தாக வேண்டும். இன்னும் எட்டு வருஷத்துக்கு மேல் அவன் மென்று தின்னப்போவது அவற்றால்தான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல, பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்துவைப்பதும் இந்தக் கடைவாய்ப் பால்பற்களே. சொத்தையாகிச் சீக்கிரம் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், வரவேண்டிய பல் கோணலாக வரும்.

இதெல்லாம் பின்னால் வரும் தொல்லை. உடனடித் தொல்லை வலி. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ளும், ராத்திரி எழுந்து அழும், எடை ஏறாது. வேரில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த வயதில் நாற்காலியில் உட்காரவைத்து வேர்ச் சிகிச்சை செய்வது எளிதில்லை. சில சமயம் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டிவரும். அந்தப் பாட்டைவிட ராத்திரி அரை நிமிட அழுகை எவ்வளவோ மேல்.

ஏன் மூடிக்கொள்கிறான்?

‘அடம்’ என்ற சொல் உங்கள் கடிதம் முழுக்க வருகிறது. அடம் பிடிக்கும் வயதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை வயதில் சிரித்துக்கொண்டே கடித்தவன் இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான் என்றால், நடுவில் ஏதோ வலித்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

மேலுதட்டின் உள்பக்கத்தை உங்கள் நாக்கால் தடவிப் பாருங்கள். நட்டநடுவில் உதட்டையும் ஈறையும் இணைத்து ஒரு மெல்லிய சதை மடிப்பு நிற்கும். பெரியவர்களுக்கு அது மேலே ஏறியிருக்கும். பல பிள்ளைகளுக்கு முன்பற்களுக்குச் சற்று மேலேயே தடிப்பாக இருக்கும். பிரஷின் முனை அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும், லேசாகக் கிழிந்தால் நிறைய ரத்தமும் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தம் வந்தது அங்கிருந்துதான் என்று ஊகிக்கிறேன். அப்படிக் கிழிந்தது சில நாளில் தானாக ஆறிவிடும், வடு வைக்காது. அவன் நினைவில்தான் ஆறவில்லை. மேல்பல் பக்கம் பிரஷ் போனாலே உதட்டை இழுத்து மூடுவது அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அடுத்தது வயது. இரண்டிலிருந்து இரண்டே முக்கால் வயதுக்குள்தான் கடைசிக் கடைவாய்ப் பால்பற்கள் நான்கும் முளைக்கின்றன. சரியாக அந்தச் சமயத்தில் இருக்கிறான். ஆள்காட்டி விரலைக் கழுவிக்கொண்டு பின் ஈறைத் தடவிப் பாருங்கள். புடைத்துச் சிவந்திருந்தால் சில நாளைக்கு அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாவது சந்தேகம் பேஸ்ட் மேல். வீட்டில் பெரியவர்கள் தேய்க்கும் புதினாக் காட்டமுள்ள பேஸ்டைத்தான் அவனுக்கும் தொட்டுவைத்தீர்களா? நமக்குக் குளிர்ச்சி, அவனுக்கு அது காரம். கூடவே அத்தை தேய்க்கும் உப்பு. கிழிந்த ஈறில் உப்புப் பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பில் தப்பில்லை. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றது பல்லும் ஈறும் முற்றிய பெரியவர்களை வைத்துத்தான். சொரசொரப்பான பொடியைத் தினமும் விரலால் தேய்த்தால் பால்பல்லின் மெல்லிய மேற்பூச்சு தேய்ந்துபோகும். ஈறோரத்து அழுக்கும் விரலுக்குச் சிக்காது.

பாயில், மடியில், அரை நிமிடம்

வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி, எதிரில் நின்று தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படி நின்றால் அவனுக்கு ஓட வழி இருக்கிறது, உங்களுக்குப் பல் தெரிவதில்லை. தெரியாமல் தேய்ப்பதால்தான் இடிக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் பாயை விரித்துக் காலை நீட்டி உட்காருங்கள். அவன் தலை உங்கள் மடியில், முகம் கூரையைப் பார்த்தபடி, கால்கள் உங்களிடமிருந்து விலகி இருக்கட்டும். இப்போது அவன் தலைக்குப் பின்னாலிருந்து வாயைப் பார்க்கிறீர்கள். இடது கை ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்கி, நடுவில் இருக்கும் அந்தச் சதை மடிப்பின் மேலேயே விரலை வைத்து மூடிக்கொள்ளுங்கள். பிரஷ் நழுவினாலும் உங்கள் விரலில்தான் இடிக்கும். இந்த ஒரு விரலால் பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி பிரஷே வேண்டாம். படுக்கவைத்து, விரலில் மெல்லிய ஈரத்துணியைச் சுற்றி, மேல் முன்பற்கள் நான்கையும் ஈறோரமாகத் துடைத்துவிட்டு எழுப்பிவிடுங்கள். சத்தமாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். பத்து வந்ததும் அவன் வாயைத் திறந்துகொண்டே இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நீட்டினால் அடுத்த நாள் எண்ணிக்கையை நம்ப மாட்டான். பத்தில் முடியும் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரிந்த பிறகு அழுகை தானாகக் குறையும். பிறகு பிரஷ், மேல் முன்பற்கள் மட்டும், பத்து எண்ணிக்கை. அது பழகியதும் இன்னொரு பத்து கீழ்க் கடைவாய்க்கு, இன்னொன்று மேல் கடைவாய்க்கு. இரண்டு மூன்று வாரத்தில் எல்லாப் பற்களுக்கும் வந்துவிடலாம். இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருபது பல்கூட நிரம்பாத வாய்க்கு, அதுவும் இந்தக் கட்டத்தில், அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். ஈறோரம் படுகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

பிரஷ் மிக மெல்லிய தூவியோடு, தலை சின்னதாக இருக்கட்டும். இரண்டு வாங்குங்கள், கடையில் அவனே நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்று அவன் கையில், கடிக்கட்டும், துவைக்கட்டும். இன்னொன்று உங்கள் கையில், வேலை செய்ய. அவன் தேய்ப்பது விளையாட்டுக்குத்தான் உதவும், சுத்தத்துக்கு ஆகாது. ஏழெட்டு வயது வரைக்கும் ஒரு பெரியவர் கை கூடவே இருந்தாக வேண்டும்.

‘பல்லு வெளக்கலாமா?’ என்று கேட்காதீர்கள். இந்த வயதில் எந்தக் கேள்விக்கும் பதில் ‘வேணாம்’தான். ‘அம்மா மடியிலயா, பாட்டி மடியிலயா?’ என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்வான். அத்தையை எதிர்க்கட்சியில் வைத்துக்கொள்ளாமல் இதில் சேர்த்துக்கொள்வது உங்களுக்குத்தான் லாபம். அவர் பல் துலக்கும்போது பையன் கையில் ஒரு பிரஷைக் கொடுத்து, பாட்டிக்கு விளக்கிவிடச் சொல்லுங்கள். பாட்டி ‘ஆ’ என்று வாயைத் திறந்து காட்டட்டும். நாம் சொல்லி ஏறாதது அங்கே ஏறும்.

செல்போனில் வீடியோ காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. மேலே பிடித்துக் காட்டினால் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பான், உண்மைதான். பிறகு போனைப் பிடுங்கும்போது இன்னொரு சண்டை, தூங்கும் நேரத்தில். பாட்டுப் பாடுங்கள், சுருதி தவறினாலும் அவன் கேட்கப்போவதில்லை. சாக்லேட் லஞ்சம் மட்டும் கூடவே கூடாது. தேய்த்த பல்லில் இனிப்பைத் தடவித் தூங்கவைப்பதாகிவிடும்.

பிடித்துத் தேய்த்தால் மனம் பாதிக்குமா?

எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூக்கைப் பொத்துவது, தாடையை அமுக்குவது, நான்கு கைகால்களையும் அழுத்திக்கொண்டு இரண்டு பேர் அவன் மேல் குனிவது, இவை இனி வேண்டாம். மூச்சு முட்டுவது பெரியவர்களுக்கே பயம். பேஸ்ட் நுரை மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. மேற்கொண்டு, அடுத்த முறை காய்ச்சல் மருந்து கொடுக்கப் போனாலும் வாயை மூடிக்கொள்வான்.

அதற்காக அவன் அழுதாலே விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கெஞ்சலில் முக்கால் மணி நேரம் போய், கடைசியில் பொறுமை இழந்து கத்துவதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த முக்கால் மணி நேரம்தான் அவனையும் உங்களையும் அதிகம் களைப்பாக்குகிறது. அமைதியான முகம், ஒரே குரல், மென்மையான பிடி, பத்து எண்ணிக்கை, முடிந்ததும் தூக்கி அணைத்துக்கொள்வது: இப்படிச் செய்யும்போது அவன் அழுதாலும் அது மனதில் காயமாகத் தங்காது. வாய் திறந்து அழும்போது பல் நன்றாகத் தெரியும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்த ரகசியம். ஆனால் அழுகையில் வித்தியாசம் கேட்கத் தெரிய வேண்டும். கோப அழுகை இடத்துக்கு இடம் மாறாது. ஒரே ஒரு பல்லைத் தொடும்போது மட்டும் வீறிட்டு உடம்பை வில்லாக வளைத்தால் அங்கே வலி இருக்கிறது. அப்போது நிறுத்துங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணவர் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. இருவரும் எதிரெதிரே முழங்கால் முட்ட உட்காருங்கள். பையன் உங்கள் இடுப்பின் இருபக்கமும் கால் போட்டு, உங்கள் முகத்தைப் பார்த்து உட்காரட்டும். அப்படியே மெல்லச் சாய்த்தால் தலை அப்பா மடியில் விழும். அவன் கைகளை நீங்கள் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள், அப்பா தேய்க்கட்டும். உங்கள் முகம் தெரிந்துகொண்டே இருப்பதால் பயம் குறையும். மருத்துவமனையில் இவ்வளவு சின்னப் பிள்ளைகளை நாங்கள் பார்ப்பதும் இப்படித்தான். வீட்டில் பழகிவிட்டால் அங்கே வந்தும் மிரள மாட்டான்.

‘டாக்டர் ஊசி போடுவார்’ என்ற மிரட்டலை இனி எடுக்காதீர்கள், தயவுசெய்து. என் சுயநலத்துக்காகவும்தான் சொல்கிறேன்.

பாட்டிலை என்ன செய்வது?

தேய்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கெடுப்பதை நிறுத்தாமல் தேய்த்துப் பயனில்லை. தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் தேங்கும் இனிப்புப் பாலைக் கிருமிகள் விடியும்வரை புளிக்கவைத்துக்கொண்டிருக்கும். நாட்டுச்சர்க்கரை வெள்ளைச் சர்க்கரை மாதிரி கெடுதல் இல்லை என்று நம்பியிருக்கிறீர்கள். பல்லைப் பொறுத்தவரை வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் ஒன்றுதான். கிருமிக்கு நிறம் தெரியாது.

ஒரேயடியாகப் பாட்டிலைப் பிடுங்கினால் மூன்று ராத்திரி யாரும் தூங்க முடியாது, காலையில் நீங்கள் வகுப்பெடுக்க வேண்டும். எனவே முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு பாலில் தண்ணீர் கலந்து, நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். வெறும் தண்ணீருக்காகப் பாட்டில் கேட்டு எழும் பிள்ளைகள் குறைவு. பால் வேண்டுமானால் ராத்திரிச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுங்கள். அதன் பிறகு பல் தேய்ப்பு, அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. இந்த வரிசை மாறக்கூடாது. பால் குறைந்தால் சத்து குறையுமே என்று அத்தை கவலைப்படுவார். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் இந்த வயதுக்குத் தேவையில்லை. ராத்திரிப் பாட்டில் நின்றால் காலையில் இட்லி ஒன்று கூடுதலாக இறங்குவதை அவரே பார்ப்பார்.

காலை, இரவு இரண்டு வேளையும் தேய்ப்பது நல்லது. முடியவில்லை என்றால் காலையை விட்டுக்கொடுங்கள், ராத்திரியை விடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

எந்தப் பேஸ்ட், எவ்வளவு?

மூன்று வயது வரை ஒரு அரிசி மணி அளவு. அதற்குமேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவது விற்பவரின் வசதிக்கு. டியூபின் பின்பக்கம் ஃப்ளோரைடு அளவு போட்டிருக்கும்; 1000 பிபிஎம் (ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம்) இருந்தால்தான் சொத்தைக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். ‘குழந்தைகளுக்கு’ என்று கார்ட்டூன் போட்டு விற்பவற்றில் சிலவற்றில் இதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் துளியும் இருக்காது. எனவே படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். காட்டமில்லாத சுவையாகப் பாருங்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் வரும் பயத்தைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். அரிசி மணி அளவுப் பேஸ்டில் இருப்பது சுமார் 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடு, அவ்வளவையும் விழுங்கினாலும்கூட. போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அரை லிட்டர் குடித்தாலே 1 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதாவது பத்து தடவை பல் தேய்த்த அளவு. பயப்பட வேண்டியது குடத்தைப் பார்த்து. டியூபைப் பார்த்து இல்லை.

ஒகேனக்கல் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது, நடுவில் போர்த் தண்ணீரில் சமைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குக் குடிக்கவும், கஞ்சி, சோறு வடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் போர்த் தண்ணீர் போகட்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. முடிவு வரும்வரை நான் சொல்லும் நடுவழி இது: ராத்திரி மட்டும் அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், காலையில் வெறும் ஈரப் பிரஷ். முடிவு 1-க்குள் வந்துவிட்டால் காலையிலும் பேஸ்ட் தொட்டுக்கொள்ளலாம். இவனுக்கு நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது என்பதால் இந்த எச்சரிக்கை. ஃப்ளோரைடே வேண்டாம் என்று ஒதுக்கினால் கண்முன்னால் இருக்கும் வெள்ளைக் கோடு குழியாகும்.

துப்பத் தெரியாதே என்று கவலை வேண்டாம். தேய்த்து முடித்ததும் நுரையைத் துணியால் வழித்துவிடுங்கள். வாயைக் கொப்பளிக்க வைக்காதீர்கள், கொஞ்சம் ஃப்ளோரைடு பல்லில் தங்குவது நல்லதுதான். டியூப் மட்டும் அவன் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். இனிப்பாக இருக்கிறதே என்று பாதி டியூபைத் தின்றுவிட்டால் பால் குடிக்கவைத்து உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் எப்போது?

இந்த மாதத்துக்குள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் பிறந்தநாளுக்குள்ளேயே ஒரு தடவை காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துறையின் பரிந்துரை. வெள்ளைக் கோட்டின் மேல் ஃப்ளோரைடு வார்னிஷ் என்று ஒரு பூச்சு போடுவோம். ஊசியும் கிடையாது, மெஷினும் கிடையாது, தூரிகையால் தடவி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். பழுப்புப் பல்லில் குழி தொடங்கியிருந்தால் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தொட்டுவைத்து அது மேலும் பரவாமல் நிறுத்திவைக்கலாம். அந்த இடம் நிரந்தரமாகக் கருத்துப்போகும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்வார். முன்பல் கருப்பாகத் தெரிவதைச் சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். துளைபோடாமல், வலியில்லாமல் இரண்டு மூன்று வருஷத்தை ஓட்ட உதவும் என்றால், என் பிள்ளையாக இருந்தால் போடச் சொல்லுவேன். முடிவு உங்களுடையது.

செலவு யோசனை இருந்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சேலம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, கட்டணமும் குறைவு. அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, பல்லையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவர்கள் வரும் நாளைப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரஷுக்கு மட்டுமல்லாமல் முடி வெட்டுவதற்கும், தலைக்கு ஊற்றுவதற்கும், குழைவான சாப்பாட்டுக்கும் இதே மாதிரி அலறுகிறானா? பேச்சும் தாமதமா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடுதலைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கு வேறு பயிற்சி முறைகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

மருத்துவரிடம் போவதற்கு முன், நல்ல பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பில் கோடு மறைந்துவிடும். மாதம் ஒன்று இதேபோல் எடுத்து, பழையதோடு வைத்துப் பாருங்கள். கோடு அதே அளவில் இருந்து மெல்லப் பளபளப்பு ஏறினால் நீங்கள் செய்வது சரி. அகன்றாலோ, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினாலோ அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.